ஆளில்லாத லாயத்துக் குதிரைகள்

யாழ்ப்பாணத்துக் குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து ஒரு படகு நயினாதீவுக்குப் போகிறது, இன்னொன்று நெடுந்தீவுக்குப் போகிறது. முதற் படகில் எந்நாளும் சனம் நெரியும். அம்மனிடம் போகிறவர்களும் விகாரைக்குப் போகிறவர்களும் அதிலேதான் ஏறுவார்கள். மற்றதில் தீவுச் சனமும், அவர்களுடைய அரிசி மூட்டையும் சிமெந்துப் பையும், குதிரை பார்க்கப் புறப்பட்ட சில பயணிகளும் இருப்பார்கள். குதிரையின் கதை வேண்டுமென்றால் முதலில் நயினாதீவுப் படகில் ஏறுங்கள் என்றுதான் நான் எவருக்கும் சொல்வேன்.

நாகபூசணி அம்மன் கோயிலில் தமிழ்க் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. 12ஆம் நூற்றாண்டில் பொலன்னறுவையிலிருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் ஆணை அது. பேராசிரியர் கா. இந்திரபாலா அதைப் படித்து 1960களில் விளக்கமாக எழுதினார். ஊராத்துறைக்கு, அதாவது இன்றைய ஊர்காவற்றுறைக்கு, வரும் பரதேசி வணிகர்களைக் காக்க வேண்டும் என்கிறது ஆணை. கப்பல் உடைந்தால் என்ன செய்வது என்றும் சொல்கிறது. சாதாரணச் சரக்குக் கப்பல் உடைந்தால் பாதி அரசுக்கு, பாதி உடையவனுக்கு. யானையும் குதிரையும் ஏற்றி வந்த கப்பல் உடைந்தால் அரசுக்குக் கால்பங்குதான், முக்கால்பங்கு உடையவனுக்கு. கரையில் ஒதுங்கிய பொருளில் அரசன் தன் பங்கைக் குறைத்துக்கொள்கிறான் என்றால் அந்த வணிகன் திரும்பவும் வர வேண்டும் என்று அவன் எவ்வளவு விரும்பியிருக்க வேண்டும்! குதிரை இல்லாமல் படை இல்லை, குதிரையோ இந்த மண்ணில் இல்லை. மகாவம்சத்தைப் புரட்டினால் இன்னும் பல நூற்றாண்டு பின்னே போகலாம். அநுராதபுரத்தைப் பிடித்து 22 ஆண்டுகள் ஆண்ட சேனனும் குத்திகனும் குதிரை வணிகன் ஒருவனின் பிள்ளைகள் என்கிறது அது. குதிரை விற்க வந்த குடும்பம் அரியணை வரைக்கும் போயிருக்கிறது.

நான் கால்நடைத் திணைக்களத்தில் வேலை செய்து ஓய்வு பெற்று, திருகோணமலை லிங்கநகரில் இருக்கிறேன். கிண்ணியா, மூதூர், தம்பலகாமம் என்று மாட்டுப் பட்டிகளுக்கும் எருமைப் பட்டிகளுக்கும் பின்னால் திரிந்ததுதான் என் உத்தியோகம். குதிரை எனக்குப் பெண் எடுத்த வழியில் வந்தது. மனைவியின் ஊர் நெடுந்தீவு. கலியாணம் முடித்த புதிதில் மாமாவோடு தீவின் வெளிகளில் நடந்தபோது இந்தக் குதிரைகள் யாருடையவை என்று கேட்டேன். "எங்கடை இல்லைத் தம்பி, ஆரோ விட்டிட்டுப் போனது. ஆனா கோடையில தண்ணி அள்ளி ஊத்தினது நாங்கள்" என்றார். பிறகு நான் படித்த பழைய புத்தகங்கள் எல்லாம் அந்த ஒரு பேச்சுக்கு உரை எழுதியதுபோலவே இருந்தன.

பராக்கிரமபாகுவுக்கு ஒரு நூற்றாண்டுக்குப் பிறகு பாண்டிய நாட்டுக் கரையில் நடந்ததை மார்க்கோ போலோவும் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாபும் எழுதி வைத்திருக்கிறார்கள். ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான குதிரைகள் ஓர்முஸ், ஏடன் முதலான துறைகளிலிருந்து வந்து இறங்கின. கீஸ் தீவின் அதிபதி ஜமாலுத்தீன் ஆண்டுக்கு 1,400 குதிரை தருவதாக ஒப்பந்தம் செய்திருந்தார், ஒன்றின் விலை 220 பொன் தினார். வழியில் செத்த குதிரைக்கும் பாண்டியன் பணம் கொடுத்தான் என்று வஸ்ஸாப் சொல்லும் இடம் என்னைக் கலங்க வைக்கிறது. செத்தாலும் காசு வரும் என்றால் விற்பவனுக்கு அதை உயிரோடு கொண்டுவரும் அக்கறை எங்கிருந்து வரும்? வாங்கியவர்களுக்கும் குதிரை பேணத் தெரியவில்லை. லாடம் அடிக்கத் தெரிந்தவர்களை வணிகர்கள் வேண்டுமென்றே அங்கே வரவிடவில்லை, குதிரைகள் சாகச் சாகத்தானே வியாபாரம் என்று மார்க்கோ போலோ எழுதுகிறார். சோறும் இறைச்சியும் சமைத்துப் போட்டார்களாம். புல்லும் தானியமும் தின்னும் சீவனுக்கு இறைச்சி!

அதே மார்க்கோ போலோ இன்னொன்றும் சொல்கிறார். எவ்வளவு நல்ல ஆண் குதிரையை எவ்வளவு நல்ல பெட்டையோடு சேர்த்தாலும் அந்த நாட்டில் கால் கோணிய, ஒன்றுக்கும் உதவாத குட்டிதான் பிறக்கும் என்கிறார். பழியை அவர் தேசத்தின் காற்றின் மேல் போடுகிறார். நான் அதை ஏற்க மாட்டேன். சினைக் காலம் பதினொரு மாதம். அதில் கடைசி மூன்று மாதத்திலேதான் குட்டி வேகமாக வளரும். அந்த நேரத்தில் தாய்க்குச் சரியான தீனி இல்லை, எலும்புக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்து இல்லை என்றால் அரேபியாவில் பிறந்தாலும் கால் கோணித்தான் பிறக்கும். தமிழ்க் கடலிலேயே ஒரு தீவு குதிரை வளர்த்துக் காட்டியது என்பதுதான் அவருக்கு என் மறுமொழி.

அந்தத் தீவுதான் நெடுந்தீவு. பரப்பளவு ஏறத்தாழ 50 சதுர கிலோமீற்றர். மண் மெல்லியது, தோண்டினால் பவளக்கல். வேலியும் மதிலும் வீடும் அந்தக் கல்லாலேயே எழுப்பியவை. 1619இல் யாழ்ப்பாண இராச்சியத்தைப் பிடித்த போர்த்துக்கேயர் இதைப் பசுக்களின் தீவு என்றார்கள், குதிரையையும் இங்கே கொண்டுவந்து விட்டார்கள். 1658இல் ஒல்லாந்தர் வந்தபோது அவை கட்டுக்கடங்காமல் பெருகித் திரிந்தன. யாழ்ப்பாணத்தில் போதகராக இருந்த பால்டேயஸ் 1672இல் வெளியிட்ட நூலில் அந்தக் குதிரைகளும் வருகின்றன. ஒல்லாந்தர் தீவுக்குத் தங்கள் நாட்டு நகரமான டெல்ப்ற் என்ற பெயரைச் சூட்டினார்கள், குதிரை வளர்ப்பைத் தங்கள் கிழக்கிந்தியக் கும்பனியின் தொழிலாகவே நடத்தினார்கள். இரணைதீவையும் இதற்குப் பயன்படுத்தினார்கள். யாழ்ப்பாணத் தளபதி சுவார்தக்ரோன் 1697இல் தான் இல்லாத காலத்துக்காக யாழ்ப்பாண ஆட்சிக் குழுவுக்கு எழுதி வைத்த நீண்ட குறிப்பில் வரி, யானை, சாயவேர் ஆகியவற்றோடு குதிரையும் ஓர் அலுவல்.

தீவைத் தெரிந்தெடுத்ததில் புத்தி இருக்கிறது. கடலே வேலி. சிறுத்தைப் பயம் இல்லை. களவெடுத்தால் படகில்தான் ஏற்ற வேண்டும், ஏற்றினால் கண்ணில் படும். என் கணிப்பில் இவற்றையெல்லாம்விடப் பெரியது அந்தச் சுண்ணாம்புத் தரை. அயர்லாந்தில் கில்டேர், அமெரிக்காவில் கென்டக்கி என்று பேர்போன குதிரை நாடுகள் பல சுண்ணாம்புக்கல்லின் மேலேயே இருக்கின்றன. ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு நெடுந்தீவில் முளைக்கும் கட்டைப் புல் பார்வைக்கு ஒன்றுமில்லை. ஆனால் அதைத் தின்று வளர்ந்த குதிரையின் முழங்கால் எலும்பைப் பாருங்கள், எவ்வளவு நேராகவும் உருண்டும் இருக்கிறது.

ஒல்லாந்தர் செய்த வேலையை இன்றைய பாஷையில் இனவிருத்தி என்போம். வெளியிலிருந்து நல்ல ஆண் குதிரைகளை இறக்கினார்கள். பெட்டைகளை வெளியில் விட்டார்கள். வளர்ந்த குட்டிகளைத் தீவு மக்களைக் கொண்டு சுருக்குக் கயிறு வீசிப் பிடித்து, பழக்கி, யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினார்கள். பிடிப்பது என்பதும் இனவிருத்தியின் ஒரு பாதிதான். எதைக் கொண்டுபோவது, எதை விட்டுவைப்பது என்று முடிவெடுக்கும் கண் அங்கே வேலை செய்கிறது. பெரிய, வடிவான குதிரையை எல்லாம் ஏற்றிவிட்டுச் சொத்தையை விட்டால் பத்து ஆண்டில் மந்தை சொத்தையாகிவிடும். தம்பலகாமத்துப் பட்டிக்காரர் எவரிடம் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். நல்ல நாம்பனைப் பெருநாளுக்கு விற்றவன் அடுத்த தலைமுறைக் கன்றில் அழுவான் என்பார் எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர்.

1795இல் யாழ்ப்பாணம் ஆங்கிலேயர் கைக்குப் போனது, அதற்குச் சில வாரங்களுக்கு முன் எங்கள் திருகோணமலைக் கோட்டையும் போனது. ஆங்கிலேயரும் குதிரை வளர்ப்பைத் தொடர்ந்தார்கள். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நோலன் என்ற லெப்டினன்ட் தீவின் மேற்பார்வையாளராக இருந்தார். நெடுந்தீவில் இன்றைக்கும் அந்தப் பெயரைச் சொல்வார்கள். தீவில் இடிந்து நிற்கும் லாயத்தைப் பார்த்தால் ஆரம்ப நாளில் அது எவ்வளவு ஒழுங்காக நடந்திருக்கும் என்று விளங்கும். பவளக்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய பருத்த தூண்கள். இரண்டு தூணுக்கு நடுவே ஒரு குதிரை திரும்பி நிற்கத் தாராளமான இடம். காற்று வரும் பக்கம் திறந்திருக்கிறது. கொதிக்கும் நாட்டில் குதிரையை அடைத்து வைத்தால் நுரையீரல் கெடும் என்று கட்டியவனுக்குத் தெரிந்திருக்கிறது.

பிறகு கைவிட்டார்கள். கண்டி வீதி திறந்து, 1832இல் கொழும்பிலிருந்து கண்டிக்குத் தபால் வண்டி ஓடத் தொடங்கியது. பாரம் இழுக்கப் பெரிய குதிரை வேண்டும். அது அவுஸ்திரேலியாவிலிருந்து கப்பலில் வந்து இறங்கியது. 1867இல் கண்டிக்கு ரயிலும் வந்தது. தீவில் ஒரு மந்தையை வைத்துச் செலவழிக்கக் கொழும்புக் கணக்கருக்குக் காரணம் தெரியவில்லை. அந்த முடிவில் நியாயம் இருக்கலாம். குதிரைகளைத் தீவிலேயே விட்டுவிட்டுக் கணக்கை மூடியதில் எனக்கு நியாயம் தெரியவில்லை. மனிதன் கடல் கடத்திக் கொண்டுவந்த சீவன்கள். ஆண் எது, பெட்டை எது, எவ்வளவு என்று தலைமுறை தலைமுறையாகத் தீர்மானித்தவன் மனிதன். ஒரு நாள் பேரேட்டை மூடிவிட்டால் அந்தப் பொறுப்பு எப்படி இல்லாமல் போகும்?

கோடையில் நெடுந்தீவுக்குப் போனால் அந்தக் கணக்கு மூடப்பட்டதன் விளைவை ஒரு குதிரையின் உடம்பிலேயே வாசிக்கலாம். உறவினர் வீட்டு வளவுக்குத் தண்ணீர் குடிக்க வந்து பழகிய ஒரு பெட்டை இருந்தது. ஆவணி மாத வெயில். கிணற்றடியில் வாளி சத்தம் கேட்டதும் வந்து நிற்கும், தொட விடும். நல்ல நிலையிலுள்ள குதிரையின் விலாவில் கை வைத்தால் எலும்பு தட்டுப்படும், கண்ணுக்குத் தெரியாது. இதற்கு விலா எலும்புகளை நின்ற இடத்திலிருந்தே எண்ணலாம். இடுப்பெலும்பு இரண்டு பக்கமும் முட்டி நின்றது. வால் அடியில் குழி விழுந்திருந்தது. குளம்பு மட்டும் அற்புதம். லாடம் கண்டறியாத குளம்பு, பவளக்கல் அராவி அராவித் தானே சீராக வைத்திருக்கிறது. பல்லைப் பார்த்தேன், வயது பதினைந்துக்கு மேல். காலடியில் போன வருடத்துக் குட்டி, இன்னும் பால் குடிக்கிறது. வயிற்றில் அடுத்தது.

குதிரை குட்டி போட்டு ஒரு கிழமை, பத்து நாளிலேயே மறுபடி பருவத்துக்கு வரும். ஆண் குதிரை கூடவே இருந்தால் உடனே சினை. ஆக ஒரு பெட்டை குட்டிக்குப் பாலும் வயிற்றுக்கு ஊட்டமும் ஒரே நேரத்தில் கொடுத்துக்கொண்டு, எலும்பும் தோலுமாகக் கோடையைக் கடக்க வேண்டும். மாரியில் புல் உண்டு, பிழைக்கும். வைகாசி முதல் புரட்டாதி வரையான காய்ச்சலில் புல் கருகி, பள்ளத் தண்ணீர் வற்றி, மிஞ்சியது உவராகிவிடும். வெயில் நாளில் ஒரு மட்டக் குதிரைக்கு 25 லீற்றர் தண்ணீராவது வேண்டும். நூறு குதிரைக்கு நாளொன்றுக்கு 2,500 லீற்றர். மனிதருக்கே குடிதண்ணீர் தட்டுப்பாடான தீவு அது. வறட்சி கடுமையான ஆண்டுகளில் குதிரைகள் செத்து விழுந்த செய்தி யாழ்ப்பாணப் பத்திரிகைகளில் வந்துகொண்டேதான் இருக்கிறது.

2015இல் தீவின் 1,800 ஹெக்டேயருக்கு மேற்பட்ட பகுதியை வனசீவராசிகள் திணைக்களத்தின் கீழ் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். குதிரை வெளியே கடத்தப்படாமல் இருக்க அது நல்ல அரண். ஆனால் பூங்கா என்பது காட்டு விலங்கை அதன் பாட்டில் விடுவதற்கான ஏற்பாடு. இவை லாயத்திலிருந்து வந்தவை. அதன் பாட்டில் விட்டால் என்ன நடக்கும் என்பதை எங்கள் ஊரிலேயே பார்க்கிறோம். பிரெட்ரிக் கோட்டைக்குள்ளும் கடற்கரைப் பக்கமும் திரியும் புள்ளிமான்கள் பயணிகள் எறியும் பையைத் தின்கின்றன. எல்லோரும் படம் எடுக்கிறார்கள், எத்தனை ஆண், எத்தனை பெட்டை, எத்தனை குட்டி தப்பியது என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் இல்லை.

அமெரிக்காவின் கிழக்குக் கரையில் அசட்டீக் என்றொரு தீவு. அங்கேயும் மனிதர் விட்ட குதிரைகளின் வழித்தோன்றல்கள். தீவின் வேர்ஜீனியாப் பகுதியில் மந்தை 150க்கு மேல் போகக்கூடாது என்று அனுமதியிலேயே எல்லை போட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு ஜூலையிலும் சின்கோட்டீக் ஊரின் தீயணைப்புப் படையினர் குதிரைகளைக் கடலில் நீந்த விட்டு ஊருக்குக் கொண்டுவந்து, குட்டிகளை ஏலத்தில் விற்று, பெரியவற்றைத் திருப்பி அனுப்புகிறார்கள். மேரிலாந்துப் பகுதியில் விற்பனை இல்லை. 1994 முதல் பெட்டைகளுக்குத் தூரத்திலிருந்து ஊசி எய்து கருத்தடை செய்கிறார்கள். பிள்ளைப்பேறு குறைந்ததும் பெட்டைகளின் உடம்பு தேறியது, நெடுநாள் வாழத் தொடங்கின. ஒரே தீவில் இரண்டு வழி, இரண்டும் ஓடுகின்றன. இரண்டுக்கும் அடியில் ஒவ்வொரு குதிரைக்கும் பதிவு இருக்கிறது.

நெடுந்தீவுக்கு எது பொருந்தும் என்று கேட்டால், முதலில் ஆண் குதிரையைப் பாருங்கள் என்பேன். குதிரை கூட்டமாக வாழும் விதம் மாட்டினது போல அல்ல. ஒரு ஆண், சில பெட்டைகள், அவற்றின் குட்டிகள் என்று சிறு குடும்பங்கள். இளம் பெட்டைகள் இரண்டு வயதளவில் தகப்பனின் கூட்டத்தை விட்டு வேறு கூட்டத்துக்குப் போகும். நெருங்கிய இரத்த உறவுக்குள் சேர்வதைத் தவிர்க்க இயற்கை வைத்த வழி அது. ஆனால் மந்தை சிறுத்து, பலமான இரண்டு மூன்று ஆண்களே எல்லாக் குட்டிக்கும் தகப்பன் என்றாகும்போது, எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் அங்கே நிற்பது சகோதரனாகவே இருக்கும். அப்போது கரு தங்காமல் போவதும் குட்டி நலிவதும் மெல்ல மெல்லக் கூடும். எங்கள் பட்டிக்காரர் சில வருடத்துக்கு ஒருமுறை அயல் பட்டியோடு நாம்பனை மாற்றிக்கொள்வது இதற்காகத்தான். ஆகவே எந்த ஆண் எந்தக் கூட்டத்தில் எத்தனை வருடம் நிற்கிறது என்று தெரிய வேண்டும். நீண்ட காலம் நின்றதைத் தீவின் மறுபுறத்துக்கு மாற்றலாம். கால் வளைந்த, தாடை பொருந்தாத ஆண் குட்டியை இரண்டு வயதுக்குள் மிருக வைத்தியர் மயக்க ஊசி போட்டுக் காயடிக்கலாம். அப்படிக் காயடித்தவை சாதுவாகும், பழக்கித் தீவிலேயே பயணிகளை ஏற்றவும் விடலாம், ஊர் இளைஞருக்கு ஒரு வருமானம்.

சிலர் அரபுக் குதிரை ஒன்றை இறக்கி இனத்தை உயர்த்தலாம் என்கிறார்கள். நான் எதிர்க்கிறேன். முந்நூறு வருடத்துக்கு மேலாக அந்தக் காய்ச்சலைத் தாக்குப்பிடித்தவற்றின் பிள்ளைகள் இவை. சின்ன உடம்பு, கல்லுக்குளம்பு, உவர் கலந்த தண்ணீரைப் பொறுக்கும் வயிறு, இவ்வளவும் அந்தத் தீவு தேர்ந்தெடுத்துக் கொடுத்தவை. இரண்டு சாண் உயரத்தைக் கூட்டினால் தண்ணீரும் தீனியும் அதற்கேற்பக் கூடும், தீவிடம் அது இல்லை. இந்தியாவில் மார்வாரிக் குதிரை அழியும் நிலைக்குப் போய் மீண்டதற்குக் காரணம் அதைப் பெரிதாக்கியது அல்ல, அதன் குணம் இன்னதென்று எழுதி வைத்து, பதிவேடு திறந்து, கலப்பைத் தடுத்ததுதான். இன்னும் அழியும் நிலையில் இருக்கும் தன் மட்டக்குதிரையைக் காக்க மணிப்பூர் அரசும் 2016இல் ஒரு கொள்கை வகுத்தது. ஆடி மாதம் ஈரோட்டுப் பக்கம் அந்தியூர் குருநாதசுவாமி கோயில் சந்தைக்குப் போய்ப் பாருங்கள். வாங்க வந்த விவசாயி சுழியை முதலில் பார்ப்பான், அடுத்த கேள்வி தாய் எது, தகப்பன் எது என்பதுதான்.

நெடுந்தீவில் அந்தக் கேள்விக்கு விடை சொல்ல ஒரு பதிவேடு வேண்டும். வனசீவராசிகள் திணைக்களத்திடம் காவலர் இருக்கிறார்கள், கால்நடைத் திணைக்களத்திடம் வைத்தியர் இருக்கிறார்கள், பிரதேச சபையிடம் தண்ணீர் பவுசர் ஓட்டும் பழக்கம் இருக்கிறது. மூன்று பேரும் ஒரு மேசையில் இருந்தால் போதும். கணக்கெடுக்கத் தோதான காலம் ஆவணி, புரட்டாதி. மாரியில் குதிரைகள் தீவு முழுதும் சிதறிப் போகும், கோடையில் மிஞ்சிய நீர்நிலைகளுக்குத் தாமாகவே வந்து கூடும். தண்ணீர்த் தொட்டி வைத்த இடங்களில் காலையும் மாலையும் இருந்து ஒவ்வொன்றையும் இரண்டு பக்கமும் முகமும் தெரியப் படம் எடுக்க வேண்டும். நெற்றி வெள்ளை, கால் வெள்ளை, சுழி, உடம்பின் தழும்பு, எந்தக் கூட்டம், காலடியில் குட்டி உண்டா என்று எழுதினால் சூடு வைத்துக் குறி போடும் தேவையே இல்லை. இந்த வேலையைத் தீவுப் பள்ளிக்கூடத்து உயர்தர விஞ்ஞான மாணவர்களிடம் கொடுக்கலாம். மாமா போன்ற வயதானவர்கள் ஒவ்வொரு வெளியிலும் இரண்டு பேராவது இருக்கிறார்கள், இந்தச் சிவலைக்கு அந்தக் கறுத்தப் பெட்டை தாய் என்று ஞாபகத்திலிருந்து சொல்லக்கூடியவர்கள். முதலில் அவர்களிடம் போய்க் கேட்டு எழுத வேண்டும்.